தொண்டைக்குத் தெரியாத சூடு

ஒரகடத்தில் என்ஜின் பூட்டுகிற ஒருவரிடம், ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் சைலன்சரில் வரும் புகை சுத்தமாகிவிடுமா என்று கேட்டால் சிரித்துவிடுவார். ரேடியேட்டரின் வேலை என்ஜின் சூட்டைத் தணிப்பது. புகையிலுள்ள நச்சை மாற்றுவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-ல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-ல். அதாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்த் தொழில் வேர்விடும் முன்பே இந்தப் பாடம் படித்தாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கன்வெர்ட்டர் குளிர்ந்திருந்தால் வேலை செய்யாது. ஏறக்குறைய 250, 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் நச்சை மாற்றும். காலையில் வண்டியை எடுத்த முதல் ஓரிரு நிமிடத்தில்தான் அது அதிகமாக அழுக்கைக் கக்குகிறது. குளிர்ச்சியும் சுத்தமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கையருகே ஒரு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் வண்டியின் புகையைப் பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், நெஞ்சுக்குள் இழுக்கிற புகை என்று வந்ததும் குழம்பிவிடுகிறோம். கையால் சூடேற்றும் வேப்பரைசர் என்று ஒரு கருவி வெளிநாட்டுச் சந்தைகளில் விற்கிறது. விரல் நீளக் குழாய். நுனியில் காய்ந்த இலையை அடைத்து, டார்ச் லைட்டரால் சுட்டு, மறுமுனையில் இழுக்க வேண்டும். பேட்டரி கிடையாது. இலை எரியாமல், அதிலுள்ள சத்து மட்டும் ஆவியாக வரும் என்பது கணக்கு. இதற்கு மேல்படியாக விலை கூடிய துணைக்கருவிகள் வருகின்றன: காற்று சுற்றிச்சுற்றி வரும் கண்ணாடித் தண்டு, தண்ணீர் அடைத்த குப்பி என்று பல வகை. எல்லாவற்றின் நோக்கமும் ஆவியைக் குளிரவைத்துத் தொண்டைக்கு இதமாக்குவது. இதம் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இதத்தை ‘பாதுகாப்பு’ என்று படிப்பதில்தான் சிக்கல். ஆவியில் என்ன இருக்க வேண்டும் என்பது இலை சூடேறும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே இலை கருகி கார்பன் மோனாக்சைடு உண்டாகியிருந்தால், எத்தனை வளைவு சுற்றினாலும் அது கார்பன் மோனாக்சைடுதான். தண்ணீரிலும் அது கரைவது மிகச் சொற்பம். கொஞ்சம் பிசின் குளிர்ந்த சுவரில் படியும், உண்மை. ஆனால் இழுப்பவர் தேடுகிற சரக்கும் அதோடு சேர்ந்தே படியும். ஈடுகட்ட இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

இது புதிய ஆசையும் அல்ல. ஹுக்காவைக் கண்டுபிடித்தவர் அக்பர் அவையின் மருத்துவர் அபுல் ஃபத் கிலானி என்று வழிவழியாகச் சொல்வார்கள். தண்ணீரில் புகுந்து வந்தால் புகை தீங்கற்றதாகும் என்று அவர் நம்பினாராம். காலக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. அவர் இறந்தது 1589-ல். பீஜப்பூரிலிருந்து அக்பருக்குப் புகையிலை கொண்டுவந்ததாக அவருடைய தூதர் அசத் பேக் எழுதியிருப்பதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. போகட்டும், கதை யார் பெயரில் இருந்தாலும் நம்பிக்கை நானூறு வருடமாக அசையவில்லை. அதன் பலனை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2005-ல் ஒரு குறிப்பில் தொகுத்துச் சொன்னது. சிகரெட் பிடிப்பவர் எட்டு முதல் பன்னிரண்டு இழுப்பில் அரை லிட்டர் அளவு புகையை உள்ளே வாங்குகிறார். ஹுக்காவின் முன் உட்காருபவர் 20 முதல் 80 நிமிடத்தில் 50 முதல் 200 இழுப்பு. ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் வரைகூடப் போகலாம். ஒரே அமர்வில் நூறு சிகரெட்டுக்கு மேலான புகை உள்ளே போகக்கூடும் என்றது அந்தக் குறிப்பு. குளிர்ந்த புகை எரிச்சலூட்டாது. எரிச்சல் இல்லாததால் ஆழமாக, நீண்ட நேரம் இழுக்க முடிகிறது. மென்தால் சிகரெட் இன்னும் ஒரு படி மேலே போனது: சூட்டைத் துளியும் குறைக்காமல், குளிரை உணரும் நரம்பை மட்டும் தூண்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் அதைத் தடை செய்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஹுக்காவில் கரி எரிந்து புகையிலையைச் சுடுகிறது. வேப்பரைசரில் எதுவும் எரிவதில்லையே? சரிதான். 2007-ல் கலிஃபோர்னியாவில் 18 பேரைக் கொண்டு கஞ்சாவில் செய்த ஒரு சோதனை, புகைத்தபோது மூச்சில் ஏறிய கார்பன் மோனாக்சைடு, ஆவியாக இழுத்தபோது ஏறவே இல்லை எனலாம் என்று காட்டியது. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தது வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் மின் கருவி. நன்மை வந்தது சூட்டின் அளவு தப்பாததால். கையால் சுடும் குழாயில் அப்படி ஒரு காவல் இல்லை. அளவு தாண்டினால் ‘டக்’கென்று ஒலிக்கும் இரட்டை உலோக மூடி சிலவற்றில் உண்டு, ஒலித்த பிறகும் சுடரை விலக்காத கைக்கு அது என்ன செய்யும்? அதன்பின் மிச்சமிருக்கும் வெப்பமானி தொண்டை ஒன்றுதான். இலை கருகினால் காறும், இருமல் வரும், கை தானாக விலகும். குளிர்விக்கும் துணைக்கருவி மழுங்கடிப்பது சரியாக அந்த வெப்பமானியை. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் மெர்காப்டனை அதில் கலக்கிறார்கள். நாற்றம் பிடிக்கவில்லை என்று அதை எடுத்துவிட்டு விற்றால் யார் வாங்குவார்கள்?

சுடுகாற்று தொண்டையைப் புண்ணாக்குமே, அதைத் தடுப்பது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், அந்த அளவுக்குத்தான் நல்லது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசியையும் புகையையும் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். தொழிலாளி அதைச் சுவாசிக்க விடக்கூடாது. உறிஞ்சும் கருவி தேவையென்றால் புகை பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். வெல்டிங் மேடைக்கு மேலே உறிஞ்சு குழாய் தொங்குவதன் நியாயம் அதுதான். வெல்டிங் புகையைக் குளிரவைத்து மூக்கருகே அனுப்புகிறோம், இனி இருமல் வராது என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அன்றைக்கே வாசலில் பந்தல் போட்டுவிடுவார்கள்.

இந்த இலைக்கு இட்டிருக்கும் மூலிகை என்ற பெயரையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிற நம் வீட்டு வழக்கத்தை இதோடு முடிச்சுப் போடுவது சுலபம். அது கொதிநீரின் ஆவி. இந்தச் சந்தையில் ‘காய்ந்த மூலிகை’ என்பது பெரும்பாலும் கஞ்சாவுக்கு இட்ட நாகரிகப் பெயர். அதைக் கவனித்துக்கொள்ள 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. பேட்டரி இல்லாததால் இந்தக் குழாயை 2019-ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் தொடாது என்று வாதிடுவோர் உண்டு. சட்டத்தின் விளக்கம் ‘மின்னணுக் கருவி’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் எரிக்காமல் சூடாக்கும் பொருட்களையும் அதே விளக்கம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். ஓட்டை இருந்தாலும் அது சட்டத்துக்குத்தான், நுரையீரலுக்கு இல்லை.

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. சைலன்சர் முனையில் வருவதைக் கருவியில் வாங்கி, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று எடை போடுவது இத்தகைய மையங்களின் வேலை. பிஎஸ்-6 விதியில் பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு ஒரு கிராமுக்கு மேல் போகக்கூடாது. அந்த எடைக்குப் பதிலாக, புகையில் கை வைத்துப் பார்த்தோம், குளுகுளுவென்று இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க எந்தக் கார் கம்பெனியும் துணியாது. ஆவியைக் குளிர்விக்கும் தண்டை விற்பவர் வாங்குபவருக்குத் தருவது அந்தச் சான்றிதழைத்தான்.