கட்டுக்கும் ஓர் அளவு

நீதிமன்றம் ஒருவரைப் பிணையில் விடும்போது சில நிபந்தனைகளை விதிக்கிறது. தவறாமல் வழக்குக்கு வரவேண்டும். சாட்சிகளை மிரட்டக் கூடாது. இவை வேண்டியவையே. ஆனால் அவர் குற்றம் சாட்டப்பட்டவரேயன்றிக் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் அல்லர். ஆகவே அவரைக் கட்டும் கட்டுக்கும் ஓர் அளவு வேண்டும்.

பௌதிக மாணவனுக்குச் சட்டத்தில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஊர்விட்டு ஊர் வந்தவன் என்பதே என் விடை. இங்கே சேர்ந்தபோது விடுதிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலரின் கையொப்பம் கேட்டார்கள். முகமறியா நகரில் யாரைத் தேடுவது? நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டு உதவினார். விடுதிக் கதவு திறக்கவே இந்தப் பாடென்றால், சிறைக் கதவு திறக்க?

மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பிணை கிடைத்தும், 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்டிரேட். உடன்பிறந்தவர் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று மறுக்கப்பட்டது. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யரின் அமர்வு, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பத்திரமே போதும் என்றது. தமிழர் ஒருவர் சாந்தினி சௌக்கில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. நம்மை நினைத்துக் கேட்ட கேள்வியன்றோ அது!

46 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலையில், மற்றோர் அயலூராரின் வழக்கு. போதைப்பொருள் வழக்கில் பிணை பெற்ற நைஜீரியர் ஒருவர், தம் இருப்பிடம் காவல்துறைக்குத் தெரியும்படி கூகுள் வரைபடத்தில் குறியிட வேண்டும். தம் நாட்டுத் தூதரகத்தின் உறுதிச் சான்றும் தரவேண்டும். இவை டில்லி உயர் நீதிமன்றம் விதித்தவை. அக்குறியோ நட்ட கல். ஆள் நடந்தாலும் அது நடக்காது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. சான்று தருவது தூதரகத்தின் விருப்பம். அவர் கையில் இல்லை. குறியைப் பற்றியோ இன்னும் ஆழமாகச் சொன்னது: பிணையில் இருப்பவரின் அந்தரங்க வாழ்வைக் காவல்துறை ஓயாமல் எட்டிப்பார்க்க இடந்தரும் எந்த நிபந்தனையும் ஆகாது. அதாவது, பழுதான கருவி மட்டுமன்று, பழுதற்ற கருவியும் ஆகாது!

நண்பர்களே, சோதனைச்சாலையில் கருவியை எடுக்குமுன், இது எதற்கு என்று கேட்கிறோம். நிபந்தனையிடமும் அதையே கேட்போம்: இது எதற்கு? இவரால் இதை நிறைவேற்ற இயலுமா? இவற்றுக்கு விடை தராத கட்டு, தீர்ப்புக்கு முன்பே கொடுத்துவிட்ட தண்டனை.