பெயர் நெய்த பாய்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை, பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றனர். கோரையைக் கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, நூற்பாவில் நெய்வது பொறுமை வேண்டும் வேலை. மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவது இவ்வூரின் தனிச்சிறப்பு.

எம் உறவில் ஒரு மாமி இத்தொழிலில் மூத்தவர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய பேத்தி, பாய்களைக் கைபேசியில் படமெடுத்து இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்தாள். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள், சரக்கு சேவை வரிப் பதிவின்றியே தம் மாநிலத்திற்குள் இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்கலாம் என்றாயிற்று. பான் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கை எண் பெற்றால் போதும். வாசலைத் தாண்டாமலே வாணிபம் செய்ய வழி பிறந்ததென வீடே மகிழ்ந்தது.

கணக்கெழுதும் பொறுப்பு என்னுடையது. கைவினைப் பொருள்களுக்கென 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி என்னும் சந்தையின் விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு பொருளைப் பட்டியலில் வைக்க 20 சென்ட். விற்றால், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகையில் நூற்றுக்கு 6.5 தரகு. 2022 ஏப்ரல் வரை அது நூற்றுக்கு 5 ஆக இருந்தது. அதாவது, 5,000 ரூபாய்க்கு விற்றால் 325 ரூபாய் தரகுக்கே போய்விடும். பணம் பெற்றுத் தரும் கட்டணம் தனி. நூலுக்கும் சாயத்திற்கும் கொடுத்தது போக மிஞ்சுவதே நெய்தவளின் கூலி. ஆகவே விலை குறிக்கும்போது முதலில் எழுத வேண்டியது அவள் தறியில் அமர்ந்த நாட்களின் கூலியே.

இதனினும் பெரிய சோதனை ஒன்று வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் மணமக்கள் பெயரோடு பாய் கேட்டார். கைக்குக் கிடைத்தபின், நிறம் படத்தில் கண்டதுபோல் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையும் தன் பொதுவிதிப்படி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. "என் உழைப்பை இன்னொருவருக்கு விற்கலாம்மா. இந்தப் பெயர்களை யாருக்கு விற்பேன்?" என்று மாமி கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், வாங்குபவர் கேட்டபடி செய்த பொருளுக்கு, மனம் மாறித் திருப்பித் தரும் உரிமையிலிருந்து விலக்களிக்கிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் சட்டத்தை நம்பி இராமல் நாமே முன்னெச்சரிக்கை கொள்ளுதல் நலம். இப்போது பேத்தி பகல் வெளிச்சத்தில் மட்டுமே படமெடுக்கிறாள். கோரையின் நிறம் சற்று மாறக்கூடும் என்பதை மறைக்காமல் எழுதுகிறாள். பெயர்களின் எழுத்தை வாங்குபவரிடம் எழுத்து மூலம் உறுதி செய்கிறாள். பெயர் நெய்த பாய் திரும்பப் பெறப்படாது என்பதை முதல் வரியிலேயே அறிவிக்கிறாள். அவ்வாறு விதிக்க இடந்தராத சந்தையில் பெயர் இல்லாத பாய்களை மட்டுமே வைக்கிறாள். விற்பனை சிறிது குறைந்தது. திரும்பி வருவது நின்றது.

சகோதரிகளே, உங்கள் இல்லத்து நிக்காஹுக்குக் கைநெசவுப் பாய் வாங்க எண்ணினால், நாள் குறித்தவுடனே சொல்லி வையுங்கள். ஐயங்களை நெய்வதற்கு முன்பே கேட்டுத் தெளியுங்கள். ஒரு முறை பெயர் நெய்துவிட்டால், அந்தப் பாய்க்கு உலகில் உங்களைத் தவிர வேறு உரியவர் இல்லை.