மூழ்காத கப்பலும் மூழ்கிய செலவும்

போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்து பத்து நிமிடம் பேசச் சொன்னார் சார். எனக்கு விழுந்தது 'சன்க் காஸ்ட்'. செலவழித்தாகிவிட்டது, திரும்ப வராது, அதனால் அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது என்கிற சமாச்சாரம். வழக்கமாக எல்லோரும் சினிமா டிக்கெட் உதாரணம்தான் சொல்வார்கள். படம் மொக்கை என்று இடைவேளையிலேயே தெரிந்தும், காசு கொடுத்தாச்சே என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பது. நான் கொஞ்சம் பந்தாவாக இருக்கட்டுமே என்று ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான 'அட்மிரல் குஸ்னெட்சோவ்' கதையை எடுத்துக்கொண்டேன்.

பேசி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன் கப்பல் கதை.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ படிக்கும்போது என் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக இருந்தது இந்தக் கப்பல்தான். 2015ல் ரஷ்யர்கள் 'ஷ்டோர்ம்' என்று ஒரு புதுக்கப்பலின் மாதிரியைக் காட்டினார்கள். சுமார் ஒரு லட்சம் டன், எண்பதுக்கு மேல் விமானங்கள். அந்தப் படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்துவிட்டு, "பாருடா, அமெரிக்காக்காரனுக்குப் போட்டி ரெடி" என்று அளந்துவிட்டவன் நான். அது கண்காட்சி மேஜையை விட்டு இறங்கவே இல்லை.

குஸ்னெட்சோவ் கட்டப்பட்டது ரஷ்யாவில் இல்லை. இன்றைய உக்ரைனின் மிகோலாயிவ் நகரில். சோவியத் காலத்தில் நிகோலாயெவ் என்பார்கள். அங்கே இருந்த கருங்கடல் கப்பல் கட்டும் தளத்தில்தான் சோவியத் யூனியனின் எல்லா விமானந்தாங்கிக் கப்பல்களும் பிறந்தன. 1982ல் அடித்தளம் போட்டு, 1985ல் தண்ணீரில் இறக்கினார்கள். ரீகா, லியோனிட் பிரெஷ்னெவ், திபிலிசி என்று ஆட்சி மாற மாறப் பெயரும் மாறி, கடைசியில் குஸ்னெட்சோவ் என்று நின்றது. கருங்கடலிலிருந்து வெளியே வர துருக்கியின் ஜலசந்திகளைக் கடக்கவேண்டும். 1936ன் மாண்ட்ரூ ஒப்பந்தப்படி விமானந்தாங்கிகளுக்கு அங்கே சிக்கல் என்பதால், இதற்கு 'விமானங்களைத் தாங்கும் கனரக க்ரூசர்' என்று நாமகரணம் செய்தார்கள். சும்மா பெயருக்கு இல்லை, தளத்துக்கு அடியில் பன்னிரண்டு கிரானிட் ஏவுகணைகளையும் வைத்தார்கள்.

1991 டிசம்பரில், சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், கருங்கடலை விட்டுக் கிளம்பி வடக்கே ஆர்க்டிக் பக்கம் போய்ச் சேர்ந்தது. வீடு பாகம் பிரிக்கும்போது ஒரு அண்டாவை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. அண்டா வந்தது, அதைச் செய்த பட்டறை உக்ரைனிடமே நின்றுவிட்டது.

பட்டறையில் பாதியில் நின்ற மற்ற கப்பல்களின் கதியைக் கேளுங்கள். அணுசக்தியில் ஓடவேண்டிய 'உல்யனோவ்ஸ்க்' 1988ல் ஆரம்பித்து, 1992ல் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. குஸ்னெட்சோவின் தங்கைக் கப்பலான 'வார்யாக்'கை 1998ல் மக்காவைச் சேர்ந்த ஒரு கம்பெனி 2 கோடி டாலருக்கு வாங்கியது. மிதக்கும் சூதாட்ட விடுதி ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். என்ஜின் ஓடாத அந்த இரும்புக்கூட்டை விட துருக்கி ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்தது. 2002ல் சீனாவின் டாலியன் துறைமுகம் போய்ச் சேர்ந்த அது, 2012ல் 'லியாவோனிங்' என்ற பெயரில் சீனக் கடற்படையின் முதல் விமானந்தாங்கியாக வெளியே வந்தது. சூதாட்ட விடுதியாம்! அதை வைத்துப் பழகிய சீனா 2019ல் இன்னொன்று, 2025 நவம்பரில் மின்காந்தக் கவண் வைத்த 'ஃபூஜியான்' என்று போய்க்கொண்டே இருக்கிறது.

தப்பித்து வந்த குஸ்னெட்சோவ்? 2016 அக்டோபரில் சிரியா போருக்காக ஆங்கிலக் கால்வாய் வழியே கரும்புகை கக்கிக்கொண்டு போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியான எரிஎண்ணெயில் ஓடும் பழைய கொதிகலன்கள். அந்தப் பயணத்தில் எதிரி சுடாமலேயே ஒரு மிக்-29ம் ஒரு சுகோய்-33ம் கடலில் விழுந்தன. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய கம்பி சொதப்பியதுதான் வில்லன்.

திரும்பி வந்து பழுதுபார்க்கப் போனது. 2018 அக்டோபர் 30 அன்று, முர்மான்ஸ்க் பக்கத்தில், கப்பலைத் தாங்கியிருந்த பிடி-50 என்ற பிரம்மாண்டமான மிதக்கும் டாக் மின்சாரம் போய் மூழ்கியது. கூடவே சுமார் 70 டன் கிரேன் ஒன்று கப்பலின் தளத்தில் விழுந்தது. கப்பல் தப்பித்தது. (சன்க் காஸ்ட் என்று தலைப்பு வைத்துவிட்டு இந்த இடத்தைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது.) 2019 டிசம்பரில் தீ விபத்து, இரண்டு பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் மறுபடியும் ஒரு சின்னத் தீ.

2025 ஜூலையில் ஒரு பேட்டி வந்தது. இதைப் பழுதுபார்ப்பதில் அர்த்தமே இல்லை என்று நினைக்கிறோம், விற்கலாம் அல்லது உடைக்கலாம் என்று சொன்னவர் ஆந்திரேய் கோஸ்தின். அட்மிரல் இல்லை, வி.டி.பி. பேங்கின் தலைவர்! நஷ்டத்தில் தள்ளாடிய ரஷ்ய அரசுக் கப்பல் கட்டும் கழகத்தின் நிர்வாகத்தை 2023ல் அந்த பேங்கிடம் ஒப்படைத்திருந்தார்கள். காமர்ஸ் மாணவனாக எனக்குப் புல்லரித்த இடம் இது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கட்டித் தீனி போடுகிறவனைக் கேட்டால்தான் தெரியும் நடுவில் ஆகிற செலவு.

இந்த இடத்தில் நான் பேச்சை முடித்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"மச்சி, இதே கணக்கை நம்ம விக்ரமாதித்யாவுக்கும் போடு. அதையும் பாதியிலேயே விட்டிருக்கணுமா?"

விக்ரமாதித்யாவும் அதே மிகோலாயிவ் பட்டறையில் பிறந்ததுதான். 'பாகு'வாக 1987ல் சேவைக்கு வந்து, பிறகு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' ஆனது. 2004ல் இந்தியா போட்ட ஒப்பந்தப்படி கப்பல் சும்மா, புதுப்பிக்க மட்டும் 97.4 கோடி டாலர். வேலை ஆரம்பித்த பிறகு ரஷ்யர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போய், 2010ல் சுமார் 230 கோடி டாலரில் முடிந்தது. வீடு ரிப்பேருக்கு ஆள் விட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 2009லேயே நம் சி.ஏ.ஜி., புதுக்கப்பலைவிட இது 60 சதவீதம் அதிக விலை என்று கிழித்திருந்தது. கடைசியில் 2013 நவம்பரில் கப்பலை ஒப்படைத்தார்கள். அப்படியானால் நாமும் டிக்கெட் காசுக்காக மொக்கைப் படம் பார்த்தோமா?

அன்று "அது வேற, இது வேற" என்று மழுப்பினேன். ஹாஸ்டலுக்கு வந்து யோசித்தபோது, நான் சன்க் காஸ்ட்டையே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. செலவு எகிறிவிட்டது, அதனால் நிறுத்து என்பதும் பழைய செலவைக் கணக்கில் சேர்ப்பதுதானே! பார்க்கவேண்டியது இனி போடப்போகும் பணத்தையும் அதற்கு இனி கிடைக்கப்போவதையும் மட்டும். 2010ல் நம்மிடம் இருந்தது விராட், 1959ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கிழம். 2017ல் ஓய்வு பெற்றது. 2009ல் கொச்சியில் அடித்தளம் போட்ட விக்ராந்த் 2022ல்தான் சேவைக்கு வந்தது. நடுவில் விக்ரமாதித்யா இல்லையென்றால் ஐந்து வருடம் நம் விமானிகளுக்கு இறங்க ஒரு தளமே இருந்திருக்காது. ஆடும் தளத்தில் இறங்கும் பழக்கம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக வராது. ஆனால் விட்டுப்போனால் திரும்பக் கொண்டுவர வருடக்கணக்காகும்.

ரஷ்யாவில் குஸ்னெட்சோவை வைத்துக்கொள்ளச் சொன்னவர்களின் வாதமும் இதேதான். விமானிகளின் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்பது. நியாயமான வாதம். ஆனால் எந்தக் கப்பலுக்காகப் பழகுவது? நமக்கு அடுத்த கப்பல் கொச்சியில் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அடுத்தது மேஜைமேல் இருந்த பொம்மைதான். கட்டிய பட்டறை வேறு நாட்டில். 2014க்குப் பிறகு, அதே மிகோலாயிவில் தயாரான கேஸ் டர்பைன்களும் வராமல், சாதாரண ஃபிரிகேட்டுகளே என்ஜின் இல்லாமல் நின்றன. அதில் இரண்டைத்தான் இந்தியா வாங்கி, உக்ரைன் என்ஜினைத் தானே ஏற்பாடு செய்து, துஷில் (2024), தமால் (2025) என்று கடற்படையில் சேர்த்தது. ஹெலிகாப்டர் தாங்கும் மிஸ்ட்ரால் கப்பல்கள் இரண்டை பிரான்ஸிடம் வாங்க 2011ல் போட்ட ஒப்பந்தம் கிரீமியா விவகாரத்தால் 2015ல் ரத்தாகி, கப்பல்கள் எகிப்துக்குப் போயின.

இதனால் ரஷ்யக் கடற்படையே காலி என்று நான் சொல்லவில்லை. 2015 அக்டோபரில் காஸ்பியன் கடலிலிருந்து நான்கு சின்னக் கப்பல்கள் 26 காலிபர் ஏவுகணைகளை சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி சிரியாவுக்கு அனுப்பின. அவற்றில் மூன்று ஆயிரம் டன்கூட இல்லாதவை. அடுத்த வருடம் அதே சிரியாவுக்குப் போன 58,000 டன் கப்பல் சொந்த விமானங்களையே தொலைத்தது! காஸ்ட் ஷீட் போட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். செவரோட்வின்ஸ்க்கில் போரெய், யாசென் அணுசக்தி நீர்மூழ்கிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. 2025 ஏப்ரலில் கடற்படைக்குப் பத்து வருடத்தில் 8.4 டிரில்லியன் ரூபிள் என்று புடின் அறிவித்தார். என் ஊகம், அதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான் போகும். மேலே தெரிகிற பெரிய கப்பலுக்கு என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரலில் 'மாஸ்க்வா' மூழ்கியபோது பார்த்துவிட்டார்கள். (அதுவும் மிகோலாயிவில் கட்டியது. அதை மூழ்கடித்த ஏவுகணை உக்ரைனுடையது.)

இருந்தாலும் நீர்மூழ்கியை யாரும் வால்பேப்பராக வைப்பதில்லை. ஒரு நாடு தூரத்துக் கடலில் போய் 'நான் வந்திருக்கிறேன்' என்று காட்ட வேண்டுமானால் அதற்கு அந்தப் பெரிய தளம்தான் வேண்டும். அந்த ஆசையைத்தான் ரஷ்யாவால் கணக்குப் புத்தகத்தில் எழுதவும் முடியவில்லை, தள்ளுபடி செய்யவும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

சார் எனக்குப் பத்துக்கு ஆறு போட்டார். "படம் ஜாஸ்தி, ஃபார்முலா கம்மி" என்று குறிப்பு. கேள்வி கேட்டவனுக்கு நேற்று கேன்டீனில் இந்தப் பதிலைச் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எட்டு வந்திருக்கும்டா" என்றபடி என் போண்டாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான் :-)