தேனுக்கு ஓர் அளவுகோல்

தேனீ வளர்ப்போர் பேச்சுக்குப் பழகியவர் அல்லர். கூட்டின் அருகே பேசுவதற்கு ஒன்றுமில்லை. பேசினாலும் கேட்பார் இல்லை. ஆண்டு முழுதும் தோட்டத்து ஓரங்களிலும் பழமரங்களின் நிழலிலும் தனித்துத் திரியும் இவர்கள், ஆண்டுக்கொரு முறை ஒரு மண்டபத்தில் கூடும்போது, அடங்கியிருந்த பேச்செல்லாம் ஒருசேர வெளிப்படுகிறது. அத்தகைய ஆண்டுக் கூட்டங்களுக்குச் சில காலமாக நானும் சென்று வருகிறேன். மேடையில் நிகழ்வதைவிட, மண்டபத்தின் பின்புறம் நீண்ட மேசைகளில் அடுக்கிய போத்தல்களைச் சுற்றி நிகழ்வதே என்னைக் கவர்வது.

வருவோர் பேசத் தொடங்கிய அளவில், இன்ன தேனீயை வளர்ப்பவர் என்று கண்டுகொள்ளலாம். ஜொகூரின் தென்னந்தோப்புகளில் இந்நாட்டுத் தேனீயைப் பெட்டியில் வைத்திருப்போர், தாம் வாங்கிய கொட்டுகளைப் போர்வீரர் தழும்புகளைப் போல் எண்ணிச் சொல்வர். இத்தாலியத் தேனீயை வளர்ப்போர் அக்கேசியா மங்கியம் மரக்காடுகளைப் பற்றியே பேசுவர். அம்மரம் தரும் தேன் பூவில் ஊறுவதன்று. இலையின் அடியிலுள்ள சிறு சுரப்பியில் ஊறுவது. ரப்பர் மரத்தின் செய்தியும் ஏறக்குறைய அதுதான். இலையுதிர்ந்து மரம் மீண்டும் துளிர்க்கும் பருவத்தில், இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேருமிடத்தில் இனிப்பு நீர் கசிகிறது. தலைமுறை தலைமுறையாக அம்மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த நம்மவருள் எத்தனை பேர், தலைக்குமேல் தேனும் இருந்ததை அறிந்திருப்பர்? கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர்த் தேன் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

மூன்றாம் வகையினர் கெலுலுட் வளர்ப்போர். நானும் அவ்வகையினன். மலாய்க்காரர் கெலுலுட் என்று அழைக்கும் இச்சிறு பூச்சியைத் தமிழில் கொசுத்தேனீ என்பர். இதற்குக் கொடுக்கு இல்லை. சினம் வந்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. மரப்பொந்தில் மெழுகையும் பிசினையும் குழைத்துத் திராட்சைக் குலை போன்ற சிறு குடங்கள் செய்து, அவற்றுள் தேனைச் சேர்க்கிறது. அத்தேன் நீர்த்திருக்கும், புளிக்கும். முதன்முறை சுவைப்பவர் முகம் சுளிப்பதைக் கூட்டந்தோறும் காண்கிறேன்.

ஒரு கூட்டத்தில், கெடாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தம் போத்தல்களை மேசைமேல் வைக்காமல் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். விசாரித்தபோது, வணிகர் ஒருவர் அவருடைய தேன் முழுவதையும் நீர் கலந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாகத் தெரிந்தது. ஆறு மாத உழைப்பு. இழப்பைவிட, கலப்படக்காரர் என்ற பெயரே அவரை வாட்டியது. அருகிலிருந்த ஒருவர், தேனிலுள்ள நீரின் அளவைக் காட்டும் கைக்கருவியை எடுத்து, ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்தார். முப்பது விழுக்காடு. சுற்றி நின்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அப்போது கிளந்தானைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தம் கண்முன் கூட்டிலிருந்து உறிஞ்சி எடுத்த தேன் என்று தம் போத்தலைத் திறந்து நீட்டினார். “இதையும் பார். நான் எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன் என்று எனக்கே தெரியட்டும்” என்றார். அதுவும் முப்பதைத் தாண்டியிருந்தது. அடுத்து என் தேனை அளந்தனர். அதன்பின் மேசையிலிருந்த கெலுலுட் தேன் ஒவ்வொன்றையும் அளந்தனர். எதுவும் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை.

பிழை தேனில் இல்லை, அளவுகோலில் இருந்தது. உலகச் சந்தைக்கு வழிகாட்டும் கோடெக்ஸ் உணவுத் தர நெறி, தேனில் நீர் இருபது விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்து நூற்றுக்கு அறுபது பங்காவது இருக்கவேண்டும் என்கிறது. பெட்டியில் வளரும் பெருந்தேனீக்கு இது பொருந்தும். அது தன் கூட்டில் சிறகால் விசிறி விசிறித் தேனை வற்றச்செய்து, அறையை மெழுகால் மூடி வைக்கும். கொசுத்தேனீ வாழ்வதோ மழைக்காட்டின் ஈரம் நிறைந்த மரப்பொந்தில். அதன் தேன் நீர் மிகுந்தே முதிர்கிறது. ஓர் இனத்தின் தேனைக்கொண்டு வகுத்த இலக்கணத்தால் மற்றோர் இனத்தின் தேனை அளந்தால், உண்மையான தேனும் பொய்த்தேன் ஆகிவிடும்.

2017ஆம் ஆண்டில் மலேசியா கெலுலுட் தேனுக்கெனத் தனித் தரநிலை ஒன்றை வகுத்தது. எம்எஸ் 2683 என்பது அதன் எண். நீர் முப்பத்தைந்து விழுக்காடு வரை இருக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது. 2020ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளின் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனை ஆராய்ந்து வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். அத்தேனில் மால்டோஸ் என்று முன்னர் கருதப்பட்டு வந்த சர்க்கரை உண்மையில் டிரிஹாலுலோஸ் என்பதே அது. மெல்லச் செரித்து மெல்லவே குருதியில் கலக்கும் அரிய சர்க்கரை அது. இச்செய்தி ஒரு கூட்டத்தில் மேடையில் விளக்கப்பட்டபோது, வேதியியற் பெயரை உச்சரிக்க இயலாத முதியோரும் எழுந்து நின்று கைதட்டினர்.

இதைக் கேட்கும் தமிழாசிரியர்க்கு ஒன்று தோன்றாமலிராது. நம் மருத்துவ நூல்கள் தேனை ஒரே பொருளாகக் கொள்ளவில்லை. மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று அது கிடைக்கும் இடத்தைக்கொண்டு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் கூறின. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் நாக்கையும் அனுபவத்தையும் கொண்டு செய்த வகைப்பாடு அது. முழுதும் சரி என்று வாதிட மாட்டேன். ஆனால் பல தேன்கள் உண்டு என்ற அறிவேனும் அதில் இருந்தது.

கெலுலுட் தேனுக்கு மதிப்பு ஏறியபோது வேறொன்றுக்கும் விலை ஏறியது. கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே ஒரு லோரி நின்றது. அதன்மேல் இரண்டு மூன்று அடி நீளக் கட்டைகள், இரு முனையும் புதிதாக அறுபட்டு, பால் வடிந்த வடுவோடு கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிசினாலான குழல் வாயில். அதில் ஓரிரு தேனீக்கள் தயங்கி நின்றன. விற்பனைக்கு வந்தவை. விழுந்து கிடக்கும் மரத்திலிருந்து கூட்டைக் காப்பாற்றிக் கொணர்வோரும் உண்டு; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கூட்டுக்காக நின்ற மரத்தை வீழ்த்துவோர் பெருகிவிட்டனர். மரம் விழும் அதிர்ச்சியில் குடங்கள் உடைந்து தேன் வழிந்தால், அந்த மணத்துக்குச் சிறு ஈக்கள் வந்து முட்டையிடும். சில நாட்களில் கூடு புழுவாகிவிடும். பிழைத்த கூடுதான் லோரிக்கு வருகிறது. பிழைக்காதவற்றின் கணக்கை யார் எழுதுவர்?

வினா நேரத்தில் எழுந்து இதைக் கேட்டேன். நேரமாகிவிட்டது, அடுத்த ஆண்டு விவாதிக்கலாம் என்றார் தலைவர். தேனின் விலை பற்றிய பேச்சு அதன்பின்னும் அரைமணி நீண்டது.

காப்பி வேளையில் கிளந்தான் முதியவர் என்னைத் தேடி வந்தார். மரம் எதற்கு, கூட்டையே இரண்டாக்கலாமே என்றார். கொசுத்தேனீயின் வழக்கமே வேறு என்று விளக்கினார். பெருந்தேனீ இனத்தில் மூத்த அரசி கூட்டத்தோடு புறப்பட்டுப் போகும். மகள் பழைய வீட்டில் இருப்பாள். இங்கே முதிர்ந்த அரசியின் வயிறு பருத்துவிடுவதால் அவளால் பறக்க இயலாது. ஆகவே இளைய அரசியே புதுவீடு போகிறாள். அதற்கும் முன்னரே வேலைக்காரத் தேனீக்கள் பழைய கூட்டிலிருந்து பிசினும் உணவும் சுமந்துபோய்ப் புதுப்பொந்தை ஒழுங்கு செய்கின்றன. அவள் போன பின்னும் பல நாள் தாய்வீட்டிலிருந்து சீர் போய்க்கொண்டே இருக்கும்.

“அதே வேலையை நம் கை செய்யவேண்டும்” என்றார். முட்டை அடுக்கின் ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிய அறை ஒன்று இருந்தால் அது அரசி அறை. அவ்வறையோடு முதிர்ந்த அடுக்கு ஒன்றையும் நான்கைந்து உணவுக் குடங்களையும் புதுப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய பெட்டி இருந்த இடத்தில் புதியதை வைத்தால், வெளியே போன தேனீக்கள் இடம் மாறாமல் அதற்குள்ளேயே திரும்பும்.

“பாக் சிக், புதுப்பெட்டியை அவை ஏற்குமா?” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். தம் கூட்டின் வாயிற்குழலிலிருந்து கிள்ளிய கரும்பிசின். இதைப் புதுப்பெட்டியின் துளையைச் சுற்றித் தேய்த்துவிட்டால் வீட்டு மணம் வந்துவிடும் என்றார். அடுத்த வாரமே டுரியான் மரத்தடியில் ஒரு பெட்டியைப் பிரித்தேன். பதின்மூன்றாம் நாள் காலை, அந்தத் துளையின் விளிம்பில் நகக்கண் அளவு புதுக்குழல் ஒன்று நீண்டிருந்தது.