மடையை நான் அடைக்கவில்லை

கச்சிராயபாளையத்தை ஒட்டிய கோமுகி அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி. கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் அதற்கு வரத்து. சம்பாவுக்குத் தண்ணீர் திறந்தால் முதலில் நனைவது எங்களைப் போன்ற தலைமடைக்காரர் வயல். அந்த வசதியை வைத்து நான் செய்தது அநியாயம்.

தெரியாமல் செய்யவில்லை. செயல்விளக்க வயலில் கயிறு பிடித்துத் திருந்திய நெல் சாகுபடி செய்ததை வரப்பில் நின்று பார்த்தவன் நான். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். வேருக்கு இடமும் காற்றும் கிடைத்தால்தான் தூர் வெடிக்கும். அதனால் அந்தப் பருவத்தில் தண்ணீரைக் கட்டி வைக்கக் கூடாது. மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு இரண்டரை சென்டிமீட்டர் பாய்ச்சினால் போதும்.

இத்தனையும் தெரிந்தும், இந்த முறைக்கான மானியத்துக்காகச் சாலையோரத் துண்டில் மட்டும் சதுரமாக நட்டேன். அதை மட்டும் முறையாகக் காயவிட்டுப் பாய்ச்சினேன். உள்வயலில் முற்றிய நாற்றைக் குத்துக்கு நாலைந்தாகச் செருகச் சொன்னேன். மொத்த நிலத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

உள்வயல் மடை திறந்தே கிடந்தது. தண்ணீர் நின்றால் களை வராது, கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அதைவிடப் பெரிது பயம்: இன்று அடைத்தால் நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா? கடைமடைக்காரர்களின் முறை வந்த இரவுகளிலும் மண்வெட்டியால் கரையைக் கொத்தி விட்டேன். மிஞ்சிய தண்ணீர் வடிகால் வழியாக ஓடைக்குப் போனது.

கடைமடையில் நெல் தொண்டைக் கதிராக நின்றபோது வாய்க்கால் வறண்டது. வயலில் தண்ணீர் நின்றே ஆக வேண்டிய பருவம் அதுதான். பாதிக் கதிர் வெளியே வரவில்லை. வந்ததும் வெளுத்துப் போய் நின்றது. அந்த வயல்காரர் எனக்கு மாமன் முறை. ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்து, "பாரு மாப்ள" என்றார். ஊதினேன். ஒரு மணிகூடத் தங்கவில்லை. "அணையிலேயே தண்ணி இல்ல மாமா" என்றேன். அது பொய்.

என் உள்வயலும் தூர் கட்டவில்லை, மழைக்காற்றில் சாய்ந்தது. சாலையோரத் துண்டு மட்டும் கதிர் கனத்து நின்றது.

மாமனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தகுதியில்லாமல் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டப் போகிறேன்.

தலைமடையில் நிலம் வைத்திருப்பவர்களே, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்துப் பாருங்கள். நடவு வேர்பிடித்த பிறகு, அதில் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயிர் வாடாது. கதிர் வரும் சமயத்தில் மட்டும் தண்ணீரைக் கட்டி வையுங்கள். மற்ற நாளில் மடையை அடைத்துக் கடைமடைக்கு விடுங்கள்.