முதலாளி ஆன பிறகும் ஏன் தயங்கினாள் பாக்கியா?

"இன்னாத்துக்கு இவ இன்னும் அந்த வீட்டுக்கே ஆக்கிக் கொட்டணும்?"

'பாக்கியலட்சுமி' பார்த்த பலருக்கும் ஒருநாளாவது வந்திருக்கும் கோபம் இது. 2020 ஜூலையில் விஜய் டி.வி-யில் தொடங்கி 2025-ல் முடிந்த தொடர். வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமோயி'தான் மூலம். இந்தியில் அதுவே 'அனுபமா'.

சுசித்ரா நடித்த பாக்கியா, சமையல் ஆர்டர் எடுத்து, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய ஆள். மாமியார் ஈஸ்வரி ஒரு வார்த்தை சொன்னால் முகம் சுருங்கிவிடும். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பட்ட அடி எது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். கோபி அவளைக் கை ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தவன் இல்லை. 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லிச் சொல்லியே வருடங்களை ஓட்டியவன். ஆங்கிலம் தெரியாத மனைவியை நாலு பேர் முன்னால் நிறுத்த அவனுக்குக் கூச்சம். பழைய காதலி ராதிகாவோடு சேர நினைத்தபோது, என்ன பேப்பர் என்றே தெரியாத பாக்கியாவிடம் விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்கினான். பிரிந்த பிறகு அவள் எங்கே போனாள் என்று நினைவிருக்கிறதா? இங்கிலீஷ் வகுப்புக்கு! அடிபட்ட இடத்துக்குத்தான் முதலில் மருந்து தேடினாள்.

பணம் வந்தால் வெளியில் இருப்பவர்கள் உடனே மாறிவிடுகிறார்கள். மேடம் என்கிறார்கள், நாற்காலி போடுகிறார்கள். உள்ளே இருக்கும் பயத்துக்கு அது தெரிவதில்லை. அடுத்த திட்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மனசு, கல்லாவில் உட்கார்ந்த பிறகும் அதையே செய்கிறது.

(பாக்கியாவின் பொறுமை அத்தனையையும் மனக்காயம் என்று சொல்லிவிடவும் முடியாது. பாதி, எபிசோடை இழுப்பதற்கு!)

கண்ணமங்கலம், ஆரணி பக்கத்துப் பட்டுத்தறி வீடுகளில் இது இன்னும் நன்றாகப் புரியும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்வது ஒருவர் என்றால், ராட்டையில் தார் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அது இல்லாமல் நாடா ஓடாது. ஆனால் கூலி சேலைக்கு. அது போய்ச் சேர்வது நெய்தவர் கையில். தார் சுற்றியவரைக் கேட்டால், "நான் வீட்லதான் இருக்கேன்" என்பார். வேலையை வேலை என்று யாரும் சொல்லாதபோது செய்பவரும் சொல்வதில்லை. பாக்கியாவின் சமையலும் அப்படித்தான் கிடந்தது, அடுத்தவர் காசு கொடுத்துச் சாப்பிடும்வரை.

இதே இடத்தில் 'கோலங்கள்' அபியை நினைக்காமல் இருக்க முடியாது. 2003-ல் தேவயானி நடித்த அபியும் கணவனால் காயப்பட்டு, தொழிலில் எழுந்தவள்தான். ஆனால் அபி ஏற்கெனவே வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவள். ஆபீஸில் தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்தவள். பாக்கியாவுக்கு அந்த நினைவே கிடையாது. நாற்பதைத் தாண்டித்தான் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறாள்.

கோபியைக் கவனித்தீர்களா? அவள் உயர உயர அவன்தான் தடுமாறினான். 'ஒண்ணும் தெரியாதவள்' ஒருத்தி பக்கத்தில் இருந்தவரைதான் அவன் எல்லாம் தெரிந்தவன். சதீஷ்குமார் அந்தப் பதற்றத்தைச் சிரிப்பாகவே நடித்துவிட்டுப் போனார், பலர் திட்டிக்கொண்டே ரசித்தார்கள். பாக்கியாவின் தயக்கத்தை மட்டும் யாரும் ரசிக்கவில்லை. அது கொஞ்சம் பக்கத்து வீட்டில், இல்லை, சொந்த வீட்டில் பார்த்த முகமாக இருந்தது.