நால்வருள் ஒருவர்

நம் கல்லூரி ஆங்கிலத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் என்னைத் தம் இல்லத்திற்கு அழைத்து இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். நான்கே நரம்புக் கருவிகள்: வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று. பாட்டு இல்லை, தாளக்கருவி இல்லை, முன்னின்று கோலசைத்து நடத்துவோரும் இல்லை. பெரும் அரங்கிற்கன்றி இல்லத்துக் கூடத்திற்கென எழுந்த இவ்விசையை மேனாட்டார் ‘சேம்பர் மியூசிக்’ என்பர். இசை பற்றி நம் பெரியோரிடையே நெடுநாளையக் கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவேன். அவ்வழக்கினுள் புகுவது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. அன்று கேட்டதையும், அது என்னுள் கிளறிய நினைவொன்றையும் மட்டுமே ஈண்டு எழுதத் துணிகிறேன்.

அத்தட்டில் இருந்தது பீத்தோவனின் 132 என்னும் எண் பெற்ற படைப்பு. 1825ஆம் ஆண்டு கடும் நோயினின்று மீண்ட பின், அதன் மூன்றாம் பகுதியை அவர் இயற்றினார். நலம்பெற்ற ஒருவன் இறைவனுக்குச் செலுத்தும் நன்றி என்னும் பொருள்படத் தலைப்பும் இட்டார். அவர் செவிப்புலனோ அதற்குள் முற்றிலும் பழுதுற்றிருந்தது. அப்பகுதி அமைந்த லிடியன் என்னும் பழைய முறையின் சுரங்கள் நம் கல்யாணி இராகத்தின் சுரங்களே என்றார் பேராசிரியர். கல்யாணியின் குழைவை எதிர்பார்த்துச் செவி சாய்த்த எனக்கு ஏமாற்றமே எஞ்சியது. கமகமின்றி ஒவ்வொரு சுரமும் தனித்து நீண்டது. ஒருவர் தொடங்க, மற்றவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். உண்மையைச் சொன்னால், முதல் முறை எனக்குக் கொட்டாவியே வந்தது.

“இம்முறை வயோலாவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்” என்று கூறி அவர் மீண்டும் ஒலிக்கச் செய்தார். வயோலா வடிவில் வயலினை ஒத்தது. உடல் சற்றுப் பெரிது. சுருதி ஐந்து சுர அளவு தாழ்ந்தது. மேலே வயலின்கள் பாட, கீழே செல்லோ தாங்க, இடையில் அது ஒலிக்கும். தேடினாலன்றி அகப்படாது. அதனை வாசித்தவரின் வரலாற்றை, இசை ஓய்ந்தபின் பேராசிரியர் எடுத்துரைத்தார்.

அமேடியஸ் குவார்டெட் என்பது அக்குழுவின் பெயர். நார்பர்ட் பிரைனின், சிக்மண்ட் நிஸ்ஸல், பீட்டர் ஷிட்லாஃப் ஆகிய மூவரும் வியன்னா நகரில் வளர்ந்த யூத இளைஞர்கள். 1938இல் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியபோது, பதின்ம வயதில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர். 1940இல் அடைக்கலம் தந்த நாடே அவர்களைப் பகைநாட்டார் என்று முகாமில் அடைத்தது. பிரைனினும் ஷிட்லாஃபும் ஒரு முகாமில் சந்தித்தனர். ஷிட்லாஃபும் நிஸ்ஸலும் மான் தீவின் முகாமில் சந்தித்தனர். முள்வேலிக்குள் முகிழ்த்த நட்பு அது. வெளிவந்த பின் மாக்ஸ் ராஸ்டல் என்னும் ஆசிரியர் கட்டணம் பெறாமலே அவர்களுக்குக் கற்பித்தார். லண்டனைச் சேர்ந்த செல்லோ கலைஞர் மார்ட்டின் லவெட் நான்காமவராகச் சேர்ந்தார்.

இங்கே ஒரு சிக்கல். மூவரும் வயலின் வாசிப்பவர்கள்; குழுவிற்கு வேண்டியவை இரண்டே வயலின்கள். ஷிட்லாஃப் தம் வயலினை விடுத்து வயோலாவைக் கையிலெடுத்தார். முதன்மைக் குரலைப் பயின்ற ஒருவர் இடைக்குரலாக அமைவது எளிதன்று. மொழியாசிரியர்களாகிய நாங்கள் மேடையில் வாழ்த்துரையா, சிறப்புரையா என்பதற்கே முகம் வாடுகிறோம்! அக்கருவியைத் தாழ்வென்று கருதாத பெரியோரும் உண்டு. மோட்சார்ட்டே நண்பரோடு அமர்ந்து இசைக்கும்போது வயோலாவை வாசித்தவர்தாம்.

1948 ஜனவரி 10 அன்று லண்டன் விக்மோர் அரங்கில் அமேடியஸ் என்னும் பெயரோடு அவர்கள் மேடையேறினர். 1959 முதல் 1963 வரை பீத்தோவனின் நால்வர் இசை முழுவதையும் டாய்ச்சே கிராமஃபோன் நிறுவனத்திற்காகப் பதிவு செய்தனர். அஃது ஒரு ஜெர்மானிய நிறுவனம். ஜெர்மானியப் படைக்கு அஞ்சி வியன்னாவை விட்டோடிய சிறுவர், இருபதாண்டுகளின் பின் வியன்னாவின் இசையை ஜெர்மானியரின் தட்டிலேயே உலகிற்குத் தந்தனர்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே நால்வர். 1987 ஆகஸ்டில் ஷிட்லாஃப் மறைந்தார். எஞ்சிய மூவரும் வேறொருவரைத் தேடவில்லை. குழுவை அன்றே முடித்துக்கொண்டு இளையோருக்குக் கற்பிக்கலாயினர். போனது முதல் வயலின் அன்று, வயோலா என்பதை எண்ணிப் பாருங்கள். பிரைனின் 2005இலும், நிஸ்ஸல் 2008இலும், லவெட் 2020இலும் மறைந்தனர்.

இதைக் கேட்டு நான் பேச்சற்று அமர்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் வியாழன்தோறும் மஃரிபு தொழுகைக்குப் பின் நால்வர் கூடிச் சீறாப்புராணம் வாசித்து வந்தோம். நான் அடிகளைப் படிப்பேன். ஆசிரியர் இருவர் உரை சொல்வர். நான்காமவர் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பெரும்பாலும் பேசமாட்டார். நான் சீர் பிரிப்பதில் தவறினால் மட்டும், “தம்பி, ஓசை இடிக்குதே” என்பார். எம்.ஃபில். பட்டம் பெற்ற நான் மறுபடி படித்தால் அவர் சொன்னதே சரியாக இருக்கும். 2021இல் அவர் வஃபாத்தானார். அடுத்த வியாழன் மூவரும் கூடினோம், பத்துப் பாடல் படித்தோம், அதன்பின் கூடவில்லை. “வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்களேன்” என்று ஜமாஅத்துப் பெரியவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் சோம்பலுக்கு அண்ணனின் பெயரைச் சூட்டுகிறோமோ என்னும் ஐயமும் நெடுநாள் உறுத்தியது.

நிறுத்துவது ஒன்றே வழி என்று சொல்லவும் இயலவில்லை. 1917இல் ஹங்கேரியர் தொடங்கிய புடாபெஸ்ட் குவார்டெட்டில் ஒருவர் விலக ஒருவர் வந்து, 1936க்குள் ஹங்கேரியர் ஒருவருமே இல்லாமற் போயினர்; எனினும் அக்குழு 1967 வரை சிறப்புற இசைத்தது. நம் சீறாவோ உமறுப்புலவரால் நிறைவு பெறாது நின்றது. பனீ அகமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றைப் பாடினார். ஆயின் அதனைச் சின்னச் சீறா என்று தனிப்பெயரால் வழங்குகிறோம்.

சென்ற மாதம் அண்ணனின் மகன் வந்திருந்தார். “அத்தா உட்கார்ந்த இடத்தில் நானும் வந்து உட்காரலாமா, சார்?” என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன். நூலை எடுத்துப் பார்த்தேன். ஹிஜ்றத்துக் காண்டத்தில், விட்ட இடத்தில், அடையாளமாக வைத்த ஜவுளிக்கடை ரசீது அப்படியே இருந்தது. அங்கிருந்து தொடர்வதா, முதற் பாடலிலிருந்து தொடங்குவதா என்பதை மற்ற இருவரிடமும் இன்னும் கேட்கவில்லை.